லிஃப்ட் பாஸ் சம்பளம் ஆகாது: பனிமலை விடுதி வேலைக்குப் போகும் முன்

கோடை முடியும் முன்பே விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். ஆல்ப்ஸ் மலையில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கலாம். படுக்கை, சாப்பாடு, விமான டிக்கெட், மலையெங்கும் சறுக்க லிஃப்ட் பாஸ், எல்லாமே இலவசம். காலையில் கொஞ்சம் வேலை, மாலையில் கொஞ்சம் வேலை, நடுவில் மதியம் முழுக்க உங்களுடையது. ‘ஷாலே ஹோஸ்ட் தேவை’ என்று கீழே எழுதியிருக்கும். கைக்கு எவ்வளவு வரும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் பல விளம்பரங்களில் பதில் கிடைக்காது. கேட்காமல் போகிறவர்களுக்கு டிசம்பர் கடைசியில் பதில் தெரியும். அப்போது திரும்பி வர டிக்கெட் காசும் கையில் இருக்காது.

ஷாலே என்பது மலையில் மரத்தால் கட்டிய வீடு. எட்டுப் பேரோ பதினாறு பேரோ ஒரு வாரத்துக்கு வந்து தங்குவார்கள். அவர்களுக்குச் சமைத்து, பரிமாறி, அறைகளைச் சுத்தம் செய்து, அதே வீட்டிலோ பக்கத்திலோ தங்கியிருப்பவர்தான் ஹோஸ்ட். 1950-களின் இறுதியிலிருந்து பிரிட்டிஷ் சுற்றுலா நிறுவனங்கள் வளர்த்தெடுத்த முறை இது. இன்று பெரும்பகுதி பிரெஞ்சு ஆல்ப்ஸில்தான் நடக்கிறது: சவ்வா மாவட்டத்தின் வல் திசேர், மெரிபெல், கூர்ஷெவல், தீன், ஓத்-சவ்வாவின் மோர்சின், ஷமோனி. சீசன் டிசம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். லண்டனில் பள்ளி முடித்துக் கல்லூரிக்கு முன் ஓராண்டு இடைவெளி எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகளும், பாரிஸ் உணவகச் சமையலறையில் கை தேர்ந்து மலைக்குப் போக நினைப்பவர்களும், வெளிநாட்டு வேலை தேடும் ஹோட்டல் மேலாண்மை மாணவர்களும் இந்த விளம்பரங்களைப் பார்க்கிறார்கள். நல்ல அனுபவம் தரக்கூடிய வேலைதான், போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குத் தெரிந்து போக வேண்டும்.

ஒரு நாள் எப்படிப் போகிறது?

காலை 6:45-க்கு அடுப்படியில் நிற்க வேண்டும். இரவில் பெய்த பனியை வாசற்படியிலிருந்து மண்வெட்டியால் தள்ளி, உப்புத் தூவி, ரொட்டிக் கடைக்கு ஓடி, கஞ்சியும் முட்டையும் தயார் செய்து, விருந்தினர் சாப்பிட்டுக் கிளம்பியதும் பாத்திரம், படுக்கை, குளியலறை, வெந்நீர்த் தொட்டியின் குளோரின் அளவு என்று ஒவ்வொன்றாக முடித்து, நாலு மணித் தேநீருக்கு ஒரு கேக்கை அடுப்பில் ஏற்றும்போது பதினொன்று ஆகியிருக்கும். மதியம் ஓய்வு. நாலு மணிக்கு அரை மணி நேரம் தேநீர் பரிமாற வேண்டும். ஆறு மணிக்கு மறுபடி அடுப்பு: கொறிக்க ஏதாவது, முதல் தட்டு, பிரதான உணவு, சீஸ், இனிப்பு. கடைசிக் கோப்பையைக் கழுவி வைக்கும்போது 10:45. அதன் பிறகும் விருந்தினர் இன்னொரு பாட்டில் கேட்டால் எழுந்து போகத்தான் வேண்டியிருக்கிறது.

கூட்டிப் பாருங்கள். காலையில் நாலேகால் மணி, மாலையில் அரை மணி, இரவில் நாலேமுக்கால் மணி: ஒரு நாளைக்கு ஒன்பதரை மணி நேரம். வாரம் ஆறு நாள் என்றால் 57 மணி. ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வரும் சனிக்கிழமையை இந்தக் கணக்கில் நான் தனியாகச் சேர்க்கவே இல்லை. விடியும் முன்பே பேருந்துக்குக் கிளம்பும் குடும்பத்துக்குக் காலை உணவு கொடுத்து, எல்லாப் படுக்கை விரிப்பையும் உருவி, வீடு முழுக்கத் தேய்த்து, மாலையில் ஜெனீவா விமான நிலையத்திலிருந்து வந்திறங்கும் புதியவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டிய நாள் அது.

பிரெஞ்சுச் சட்டப்படி முழுநேர வேலை என்பது வாரத்துக்கு 35 மணி. அதற்கு மேல் செய்வது கூடுதல் நேரம். எவ்வளவு கூடினாலும் ஒரு வாரத்தில் 48 மணியைத் தாண்டக் கூடாது என்பது பொது உச்சவரம்பு. வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும். துறை ஒப்பந்தங்கள் இதைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் 9 மணிக்குக் கீழே இறக்க முடியாது. இரவு 10:45-க்கு முடித்து காலை 6:45-க்குத் தொடங்கினால் இடைவெளி 8 மணி நேரம்தான். விளம்பரத்தில் சுகமாகத் தெரிந்த அந்த வேலைநேர அட்டவணை சட்டப்படி செல்லாதது.

இனிப் பணம். பிரான்சின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஸ்மிக் என்று பெயர். 2024 நவம்பர் 1-ஆம் தேதி நிர்ணயித்தபடி மணிக்கு 11.88 யூரோ. அந்த அளவை வைத்தே கணக்கிடுகிறேன். கூடுதல் நேரத்தில் முதல் 8 மணிக்கு 25 சதவீதமும் அதன் பிறகு 50 சதவீதமும் சேர்த்துத் தர வேண்டும் என்பது பொது விதி. 57 மணி உழைத்த வாரத்துக்குப் பிடித்தங்களுக்கு முன் 784 யூரோ வரும். ஹோட்டல்-உணவகத் துறை ஒப்பந்தத்தில் கூடுதல் நேரச் சதவீதங்கள் வேறு. அதன்படி போட்டாலும் வாரத்துக்குப் பத்து யூரோகூடக் குறையாது. இதில் சமூகக் காப்பீட்டுப் பங்கு கழியும் என்பது உண்மை. ஆனால் வாரம் நூறு பவுண்டை ஒட்டிய ஒரு தொகையைக் கைச்செலவுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு லிஃப்ட் பாஸையும் மலைக்காற்றையும் காட்டிய பழைய வழக்கத்தை இந்தத் தொகையோடு வைத்துப் பார்க்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளிடம் இதை இத்தனை காலம் செய்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

‘எங்கள் நிறுவனம் லண்டனில் பதிவானது, உங்கள் ஒப்பந்தம் ஆங்கிலச் சட்டப்படி’ என்று சொல்வார்கள். ஒரு வெளிநாட்டு நிறுவனம் தன் ஆளைப் பிரான்சுக்கு அனுப்பி வேலை வாங்கினாலும், குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரம், ஓய்வு, விடுப்பு, பாதுகாப்பு ஆகிய அடிப்படைகளில் பிரெஞ்சுச் சட்டம்தான் பொருந்தும். நிறுவனம் எங்கே பதிவானது என்பதால் இது மாறாது. மாறும் இடம் வேறொன்று: ஷாலேயின் சொந்தக்காரக் குடும்பமே தங்கள் வீட்டு வேலைக்காக உங்களை நேரடியாக அமர்த்தினால், வீட்டுப் பணியாளர்களுக்கான தனி ஒப்பந்தம் பொருந்தும், அதில் வேலை நேர விதிகள் வேறு. ஆகவே ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது முதலாளி யார் என்ற வரியை.

பிடித்தம் என்ற பொறி

சாப்பாட்டையும் படுக்கையையும் ஊதியத்தின் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுக்க முதலாளிக்கு அனுமதி உண்டு. ஆனால் அவர் இஷ்டத்துக்கு விலை போட முடியாது. ஹோட்டல்-உணவகத் துறையில் ஒரு வேளைச் சாப்பாட்டின் மதிப்பு, மேலே சொன்ன அதே 2024 நவம்பர் நிர்ணயப்படி, 4.22 யூரோ. இப்படிக் கழிப்பது எதுவானாலும் ஊதியச் சீட்டில் தனி வரியாகத் தெரிய வேண்டும். மாதாமாதம் ஊதியச் சீட்டு தராத முதலாளியிடம் மற்ற எதையும் நம்பாதீர்கள்.

உடைந்த கோப்பைக்கு, கருகிய கேக்குக்கு, தாமதமாக எழுந்ததற்கு, விருந்தினர் கொடுத்த மோசமான மதிப்பெண்ணுக்கு என்று சம்பளத்தில் அபராதம் பிடிப்பது பிரான்சில் தடை செய்யப்பட்டது. ‘சீசன் முழுவதும் இருந்தால்தான் தருவோம்’ என்று சம்பளத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கும் ஏற்பாட்டுக்கும் தலையாட்டாதீர்கள். செய்து முடித்த வேலைக்கான ஊதியம் மாதாமாதம் வந்தாக வேண்டும். பாஸ்போர்ட்டைப் ‘பத்திரமாக’ வாங்கி வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. விருந்தினர் தரும் டிப்ஸ் உங்களுடையது. அதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க முடியாது.

‘தன்னார்வலர்’ என்றொரு ஏற்பாடும் உண்டு: சம்பளம் கிடையாது, படுக்கையும் சாப்பாடும் மட்டும். லாபத்துக்கு நடக்கும் விடுதியில், முதலாளி சொல்லும் நேரத்தில், சொல்லும் வேலையைச் செய்தால் அது வேலைதான். அரசிடம் அறிவிக்காமல் வைத்திருப்பது மறைமுக வேலைவாய்ப்பு என்ற குற்றம். ஊதியச் சீட்டில் வேண்டுமென்றே மணி நேரத்தைக் குறைத்துக் காட்டுவதும் அதே குற்றத்தில் அடங்கும். அப்படி நடந்தது நிரூபணமானால், வேலை முடியும்போது ஆறு மாத ஊதியத்துக்குச் சமமான தொகையைத் தொழிலாளி கேட்கலாம்.

எழுதி வையுங்கள்

இந்த வேலையின் கஷ்டம் எல்லாம் ஒரே இடத்தில் போய் முடிகிறது. வீடுதான் வேலையிடம். முதலாளியின் சமையலறையிலிருந்து உங்கள் கட்டிலுக்கு இருபது அடி. எங்கே வேலை முடிந்தது, எங்கே ஓய்வு தொடங்கியது என்பதற்கு வாசலோ வருகைப் பதிவேடோ இல்லை. இரவு பதினொன்றரைக்கு விருந்தினர் ஐஸ் கேட்டது, அதிகாலையில் கொதிகலன் நின்றுபோனது, ஓய்வு நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது, இவை எதுவுமே எங்கும் பதிவாகாது. சீசன் முடிந்து வழக்கு என்று போனால் முதலாளி ‘நாங்கள் 39 மணிக்கு மேல் வேலை வாங்கியதே இல்லை’ என்று சொல்லிவிடுவார்.

இதற்குப் பிரெஞ்சுச் சட்டம் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. வேலை நேரம் பற்றிய தகராறில் முழு நிரூபணச் சுமையும் தொழிலாளி மேல் விழாது. எத்தனை மணி நேரம் உழைத்தேன் என்பதற்கு ஓரளவு துல்லியமான விவரத்தை அவர் முன்வைத்தால் போதும். அதை மறுக்கும் கணக்கைக் கொடுக்க வேண்டியது முதலாளி. கையால் எழுதிய நாட்குறிப்பும் அந்த விவரமாக ஏற்கப்படும். அதனால் முதல் நாளே ஒரு சிறிய நோட்டு வாங்குங்கள். அன்றன்று இரவு தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடுவில் எழுந்து செய்த வேலை என்று நாலு வரி எழுதுங்கள். ‘டிசம்பர் 28, காலை 6:40 முதல் 11:10, மாலை 4 முதல் 4:30, 5:50 முதல் 11:20, விருந்தினர் பன்னிரண்டு பேர், ஒருவருக்குக் கடலை ஒவ்வாமை என்பதால் தனிச் சமையல்’ என்பதுபோல. வாரக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பினால், பிற்பாடு உட்கார்ந்து எழுதியது என்று யாரும் சொல்ல முடியாது. மேலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் உத்தரவுகளை அழிக்காதீர்கள். ‘நாளை ஆறு மணிக்கே எழுந்து பனியை அள்ளிவிடு’ என்ற ஒரு வரி பல பக்க வாதத்தைவிடப் பேசும். நிறுவனத்தின் போன் என்றால் அதைத் திருப்பிக் கொடுக்கும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கடவுச்சீட்டு, எந்த அனுமதி?

2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருப்பவர் பிரான்சில் சீசன் வேலை செய்ய அனுமதி வேண்டும். அயர்லாந்து பாஸ்போர்ட்டோ வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் பாஸ்போர்ட்டோ இருந்தால் தேவையில்லை. பிரிட்டனில் நிரந்தர வசிப்புரிமை, மாணவர் விசா, இந்தியர்களுக்காக 2023-இல் தொடங்கிய இளம் தொழில்முறையாளர் விசா, இவற்றில் எதுவுமே பிரான்சில் வேலை செய்யும் உரிமையைத் தராது. ஷெங்கன் சுற்றுலா விசாவும் தராது. ‘முதலில் டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. வெளிநாட்டவரை எடுப்பதற்கான வரியும் அவர் பொறுப்பு. அதைத் தொழிலாளியிடமிருந்து திரும்ப வசூலிக்கத் தடை இருக்கிறது. வேலை தேடித் தருவதற்கு வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதையும் பிரெஞ்சுச் சட்டம் அனுமதிப்பதில்லை. இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் மட்டுமே கட்டணம் வாங்கலாம், அதுவும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்ற வரம்புக்குள், ரசீதோடு. முகவரின் பதிவை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். சந்தேகம் இருந்தால் 1800-11-3090 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். இணையத்தில் பணம் கட்டி ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930-ஐ அழைக்க வேண்டும். இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் எண் 1989.

பொய்யான வேலைக் கடிதத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எளிது. நேர்காணல் முழுக்க வாட்ஸ்அப் தட்டச்சில் நடக்கும். முகவரி ஜிமெயிலில் இருக்கும். எந்த ஊர், எந்த ஷாலே என்று கேட்டால் ‘பிறகு ஒதுக்குவோம்’ என்பார்கள். பிரெஞ்சு நிறுவனம் என்றால் அதற்குப் பதினான்கு இலக்கப் பதிவெண் உண்டு; பிரெஞ்சு அரசின் இணையப் பதிவேட்டில் அதைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

ஏற்கெனவே அனுமதியில்லாமல் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பயத்தில் அவர்கள் வாயே திறப்பதில்லை. ஆனால் வேலை அனுமதி இல்லாத வெளிநாட்டவரும் உழைத்த காலத்துக்கான முழு ஊதியத்தைச் சட்டப்படி பெறலாம்; வேலை முறிந்தால் மூன்று மாத ஊதியத்துக்கு ஈடான இழப்பீடும் உண்டு. அனுமதி இல்லாததற்காக முதலாளி தண்டனைக்கு ஆளாவார். உங்கள் கூலியை அவர் விழுங்க முடியாது.

படுக்கும் இடம்

விருந்தினர் அறையின் படங்கள் விளம்பரத்தில் இருக்கும். பணியாளர் அறையின் படத்தைக் கேட்டு வாங்க வேண்டும். முதலாளி தரும் கூட்டுத் தங்குமிடத்துக்குப் பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அளவுகள் உண்டு: ஒரு ஆளுக்குக் குறைந்தது 6 சதுர மீட்டர், 15 கன மீட்டர் காற்றிடம். ஓர் அறையில் ஆறு பேருக்கு மேல் கூடாது. கட்டில்களுக்கிடையே 80 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். அடுக்குக் கட்டில் கூடாது. வெளிப்பக்கம் பார்த்த ஜன்னல் வேண்டும். நிலவறையில் ஜன்னலில்லாத ஓர் அறையில் அடுக்குக் கட்டில் போட்டு நாலு பேரைப் படுக்க வைத்தால் அதுவே பல விதிமீறல்.

இது வசதிக் குறைவு பற்றிய புகார் மட்டும் இல்லை. 2019 ஜனவரி 20 அதிகாலையில், பணக்காரர்களின் ஊரான கூர்ஷெவல் 1850-இல் சீசன் பணியாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. தப்பிக்க ஜன்னல்களிலிருந்து குதித்தார்கள். இரண்டு பேர் இறந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அறைக்குள் நுழைந்த முதல் நாளே புகை உணரியின் பொத்தானை அழுத்திப் பாருங்கள்; பிரான்சில் 2015 மார்ச் முதல் எல்லாக் குடியிருப்பிலும் அது கட்டாயம். இரண்டாவது வெளியேறும் வழி எது என்று நடந்து பாருங்கள். கார்பன் மோனாக்சைடு உணரி வீடுகளில் கட்டாயம் இல்லை. கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் படுக்கை என்றால் பேட்டரியில் ஓடும் ஒன்றை வாங்கிக் கூடவே கொண்டுபோங்கள்.

வேலையும் படுக்கையும் ஒரே கையில் இருப்பதால் ‘இன்று இரவே காலி செய்’ என்ற மிரட்டல் எளிதாக வரும். ஒப்பந்தம் முடிந்தால் அறையை விட்டுத்தர வேண்டியிருக்கலாம். ஆனால் நீதிமன்ற ஆணை இல்லாமல் ஒருவரை அவர் வசிக்கும் இடத்திலிருந்து மிரட்டியோ வலுக்கட்டாயமாகவோ வெளியேற்றுவது பிரான்சில் குற்றம். பூட்டை மாற்றினால் 17-இல் காவல்துறையை அழையுங்கள்.

தனியாக நிற்கும் பெண்ணுக்கு

குடித்திருக்கும் பத்துப் பேருக்கு ஒரு பெண் தனியாக இரவு உணவு பரிமாறுகிறாள். அவள் அறையும் அதே வீட்டில்தான். அருவருப்பான பேச்சு, தோளில் விழும் கை, நள்ளிரவில் கதவைத் தட்டுவது, இவற்றை ‘விருந்தினர்தானே, அனுசரித்துப் போ’ என்று மேலாளர் ஒதுக்கினால் அவர் சட்டக் கடமையிலிருந்து தவறுகிறார். தொந்தரவு செய்பவர் மேலதிகாரியா, சக பணியாளரா, வாடிக்கையாளரா என்பது முக்கியமில்லை. பணியாளரின் பாதுகாப்பு முதலாளியின் பொறுப்பு. உயிருக்கோ உடலுக்கோ கடுமையான, உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நினைத்தால் வேலையை நிறுத்தி விலகும் உரிமை சட்டத்தில் உண்டு. அதற்காகச் சம்பளம் பிடிக்க முடியாது. நடந்ததை அன்றே மேலாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பெண்களுக்கெதிரான வன்முறைக்கு 3919 இலவச எண், அவசரத்துக்கு 112. நிறத்தையோ பெயரையோ சொல்லி ஒதுக்கினால், சமையலறைக்குப் பின்னாலேயே இரு என்று நிறுத்திவைத்தால், பாகுபாட்டுக்கு எதிரான 3928 என்ற எண் இருக்கிறது. புகார் கொடுத்ததற்காக வேலையைவிட்டு நீக்கினால் அந்த நீக்கம் செல்லாது.

பனி

சறுக்கத்தான் எல்லோரும் போகிறார்கள். காலையில் வாசற்படியில் வழுக்கி மணிக்கட்டு ஒடிந்தால் அது வேலை விபத்து. 24 மணி நேரத்துக்குள் முதலாளியிடம் சொல்ல வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் காப்பீட்டு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். பிரெஞ்சுக் காப்பீட்டில் இருப்பவருக்குச் சிகிச்சைக்குக் கையிலிருந்து பணம் கட்டத் தேவையில்லை. முதல் 28 நாளைக்குத் தினசரி ஊதியத்தில் 60 சதவீதமும் அதன் பிறகு 80 சதவீதமும் கிடைக்கும். அதே மணிக்கட்டு மதிய ஓய்வில் சறுக்கும்போது ஒடிந்தால் பொதுவாக அது வேலை விபத்தாகாது. அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும். சறுக்குத் தடத்தில் மீட்புக் குழு வந்து தூக்கினால் ஊராட்சி கட்டணம் வசூலிக்கும். பிரெஞ்சு ஊர்களில் லிஃப்ட் பாஸோடு கார்ரே நேஜ் என்ற காப்பீட்டைச் சேர்த்து வாங்கலாம். முதலாளி கொடுத்த பாஸில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

விருந்தினர் ‘எங்களைச் சரிவுக்குக் கூட்டிப் போ, வழி காட்டு’ என்று கேட்பார்கள். நிறுவனமே சொல்லக்கூடும். மறுத்துவிடுங்கள். தகுதிச் சான்று இல்லாத பணியாளரை வைத்து விருந்தினரைச் சறுக்கக் கூட்டிப்போன ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு எதிராக 2013-இல் அல்பேர்வில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அசம்பாவிதம் நடந்தால் விசாரணையில் நிற்கப்போவது நீங்களும்தான்.

தடத்துக்கு வெளியே போவதுதான் பெரிய ஆபத்து. பனிச்சரிவு அபாய அளவு 1 முதல் 5 வரை. 3 என்றால் நடுத்தரம் என்று நினைத்துப் போகிறார்கள். உண்மையில் அந்த அளவு நாட்களில் ஏராளமான உயிர்ச்சேதம் நடக்கிறது. புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சரிந்துவிடும். மீட்பு ஹெலிகாப்டர் வரும்வரை அவ்வளவு நேரம் இருக்காது; கூடப் போன நண்பர்தான் தோண்டி எடுக்க வேண்டும். சமிக்ஞைக் கருவி, மண்வாரி, துழாவும் கம்பி மூன்றும் இல்லாமல், பயிற்சியும் இல்லாமல், 57 மணி உழைத்த அலுப்போடு ஓய்வு நாளில் வேலியைத் தாண்டாதீர்கள்.

வண்டி ஓட்டச் சொன்னால் இன்னும் இரண்டு விஷயம். மலை மாவட்டங்களில் குறிப்பிட்ட பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம். ரத்தத்தில் மது வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், உரிமம் பெற்று மூன்றாண்டு ஆகாதவருக்குப் பொதுவாக 0.2, அதாவது ஒரு கோப்பைகூடக் கூடாது.

பாதியில் அனுப்பினால்

2020 மார்ச் 14 ஒரு சனிக்கிழமை. அன்றுதான் புதிய விருந்தினர்கள் வந்திறங்கியிருந்தார்கள். மாலையில், கொரோனா தொற்றால் பொது இடங்களை மூடுவதாக அப்போதைய பிரதமர் எதுவார் ஃபிலிப் அறிவித்தார். மறுநாள் பிரெஞ்சு மலையின் லிஃப்டுகள் நின்றன. முறையான பிரெஞ்சு ஒப்பந்தம் இருந்த பணியாளர்களுக்கு அரசின் பகுதி வேலையின்மைத் திட்டம் கைகொடுத்தது. வாய்வார்த்தையில் வேலை செய்தவர்களிடம் காட்ட ஒரு தாளும் இல்லை.

சீசன் ஒப்பந்தம் என்பது குறித்த காலத்துக்கான ஒப்பந்தம். வேலை தொடங்கி இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். முடியும் தேதியோ குறைந்தபட்சக் காலமோ அதில் இருக்க வேண்டும். ஆறு மாதம் வரையிலான ஒப்பந்தத்துக்குத் தகுதிகாண் காலம் அதிகபட்சம் இரண்டு வாரம். அது முடிந்த பிறகு, பெருந்தவறு, எதிர்பாராப் பேரிடர், மருத்துவத் தகுதியின்மை, இரு தரப்புச் சம்மதம் போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே நடுவில் முறிக்கலாம். பனி குறைவு, முன்பதிவு குறைவு, மேலாளருக்குப் பிடிக்கவில்லை என்பவை அந்தப் பட்டியலில் இல்லை. அப்படி அனுப்பினால் ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் காலத்தின் முழு ஊதியமாவது இழப்பீடாக வர வேண்டும். இதனால்தான் ‘நானே விலகுகிறேன் என்று எழுதிக் கொடு, டிக்கெட் போட்டுத் தருகிறோம்’ என்பார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் கேட்க வேண்டிய இடம் தொழிலாளர் ஆய்வகம். 0 806 000 126 என்ற எண்ணில் தொழிலாளர் சட்டத் தகவல் கிடைக்கும். ஆய்வாளர் புகார் தந்தவரின் பெயரை முதலாளியிடம் வெளியிடக் கூடாது என்பது சட்டம். தொழிற்சங்கங்கள் சீசனில் மலை ஊர்களுக்கு வந்து இலவசமாக ஆலோசனை தருவதுண்டு. பல ஊர்களில் சீசன் தொழிலாளர்களுக்கென்றே தகவல் மையம் இருக்கிறது. அதற்கு மேல் ப்ரூதோம் என்ற தொழிலாளர் நீதிமன்றம். வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். சங்கத்தின் பிரதிநிதியை அழைத்துக்கொள்ளலாம். வேலை நீக்கத்துக்கு 12 மாதம், ஊதிய பாக்கிக்கு 3 ஆண்டு, பாலியல் தொந்தரவுக்கு 5 ஆண்டு என்று காலக்கெடு. ஊருக்குத் திரும்பிய பிறகும் வழக்குப் போடலாம் என்பதை மறக்க வேண்டாம்.

ஆஸ்திரியாவில் சங்க்ட் ஆன்டன் போன்ற ஊர்களுக்குப் போகிறவர்கள் அர்பைட்டர்காமர் என்ற தொழிலாளர் அவையின் உறுப்பினராகத் தானாகவே ஆகிவிடுவார்கள். சட்ட ஆலோசனை அங்கே இலவசம். ஆனால் கூட்டு ஒப்பந்தங்களில் பாக்கியைக் கேட்கும் கெடு சில மாதங்களே. அங்கே தாமதித்தால் பணம் போய்விடும்.

பிரான்சில் கடைசி நாளில் மூன்று தாள்களை வாங்குங்கள்: பணிச் சான்று, வேலையின்மை அலுவலகத்துக்கான சான்று, இறுதிக் கணக்குச் சீட்டு. இறுதிக் கணக்கில் எடுக்காத விடுப்புக்கான தொகை தனியே வந்திருக்க வேண்டும். பொதுவாக அது மொத்த ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கு. பேருந்து கிளம்பும் அவசரத்தில் இந்தச் சீட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துப் போடாமலே பணத்தை வாங்கலாம். போட்டுவிட்டாலும், அதில் எழுதிய தொகைகளை ஆறு மாதத்துக்குள் பதிவுத் தபாலில் மறுக்கலாம். உங்கள் நோட்டின் பக்கங்களை அந்தக் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள்.